புள்ளி வைத்த ஏழு

தம்பி மனைவி கிரவுனைக் கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். பொத்தென்று கேட்டது. நல்ல துண்டாக இருந்தால் கணீரென்று கிளம்பி ஒரு நொடி காதிலேயே நிற்கும். இந்தச் சத்தம் பிறந்த இடத்திலேயே செத்தது. உள்ளே விரிசல் என்று அர்த்தம். அவள் அதைக் கொக்கியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். குறி வைக்கும் பஞ்ச் உளியை அதன்மேல் நிறுத்தி ஓங்கி ஒரே அடி அடித்தாள். இரும்பில் ஒரு புள்ளி விழுந்தது.

நான் துளை போடும் மெஷினில் நின்றிருந்தேன். கை தன்பாட்டுக்குக் கைப்பிடியை இறக்கிக்கொண்டிருந்தது. கண் மட்டும் அந்தப் புள்ளியிலேயே நின்றது.

நாங்கள் செய்வது சைக்கிள் சட்டத்துக்கான பாகங்கள். அதில் கிரவுன் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் மேலே வந்து சேரும் இடம். மனிதனுக்குத் தோள்பட்டை மாதிரி. ஃபவுண்டரியிலிருந்து வார்த்து வருவதை அப்பா லேத்தில் கடைவார், நான் துளை போடுவேன், பிறகு தட்டிப் பார்ப்போம். விரிசல் விட்ட கிரவுன் உடனே உடையாது. ஒருநாள், முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் வேளையாகப் பார்த்து உடையும். ஓட்டுகிறவர் முகம் தரையில் மோதும்.

மெஷினை நிறுத்தினேன்.

"அதுல எதுக்குப் புள்ளி வச்சே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் தானாக வாய் திறந்து கேள்வி கேட்டதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்று மாதத்தில் நான் அவளிடம் பேசியதை ஒரு தாளில் எழுதினால் பாதித் தாள் மிஞ்சும்.

"விரிசல் விட்டிருக்கேக்கா. நீங்களும் கேட்டீங்கதானே? பொத்துன்னுச்சே."

"விரிசல் விட்டதுக்கா புள்ளி?"

"ஆமா. கழிச்சதுக்குத்தானே வைப்பாங்க?" அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். "எங்கப்பா பட்டறையில அப்படித்தான்க்கா."

எங்கள் பட்டறையில் புள்ளி என்றால் தேறியது. தட்டிப் பார்த்தாயிற்று, இதை அனுப்பலாம் என்று பொருள். இருபது வருடமாக அப்படித்தான். யாரும் அதைச் சுவரில் எழுதி வைத்ததில்லை, சொல்லிக்கொடுத்ததும் இல்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

"போன தடவையும் நீ இப்படித்தான் வச்சியா?"

அவள் சுத்தியலை மேசைமேல் வைத்தாள். வேறு பதில் தேவைப்படவில்லை.

போன தடவை என்பது பத்து நாளுக்கு முன்னால். அறுபது கிரவுன் கேட்டிருந்தார்கள். நான் ஐம்பத்துமூன்று நல்லதைத் தேர்ந்து புள்ளி வைத்து முடித்திருந்தேன். அன்று மதியம் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். மேசையில் இன்னும் முப்பது கிடந்தது. படுக்கப் போகும் முன் அவளிடம் சொன்னேன்: "தட்டிப் பாத்துட்டுப் புள்ளி வை." அவ்வளவுதான். பட்டறையில் வளர்ந்த பெண், காதும் கையும் பழகியவை, அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அல்லது எதுவும் நினைக்கவில்லை. அதுதான் உண்மையாக இருக்கும்.

அவள் முப்பதையும் தட்டிப் பார்த்திருக்கிறாள். ஏழில் விரிசல். ஏழுக்கும் புள்ளி வைத்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்து, புள்ளி வைத்ததை எல்லாம் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கியிருக்கிறான். ஐம்பத்துமூன்றும் ஏழும் அறுபது. கணக்குக் கச்சிதமாக வந்ததுதான் எங்களுக்கு வந்த கேடு. ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் யாராவது தலையைச் சொறிந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டிருப்போம்.

"அப்போ நான் புள்ளி வைக்காத இருபத்துமூணு?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"ஃபவுண்டரிக்குத் திரும்பிப் போயாச்சு. இந்நேரம் உருக்கியிருப்பாங்க."

"எல்லாம் நல்லதுக்கா. ஒவ்வொன்னும் மணி மாதிரி இருந்துச்சு."

அப்பா லேத்தை நிறுத்தினார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்பதே அவரைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கும். நான் அவரிடம் சொன்னேன். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"எட்டு நாளாச்சு," என்றார்.

பெட்டி எட்டு நாளுக்கு முன் போனது. அவர் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த எட்டு நாளும் ஒவ்வொன்றாக வந்து என்முன் நின்றன. நான் தூங்கிய இரவுகள், சாப்பிட்ட வேளைகள், ஒருநாள் தொலைக்காட்சியில் எதையோ பார்த்துச் சிரித்தது.

தம்பி வெளியிலிருந்து வந்தான். வாய் ஓயாதவன், எங்கள் மூவருக்கும் சேர்த்து அவன்தான் பேசுவான். "என்ன, பட்டறை சாவு வீடு மாதிரி இருக்கு? பெரிய புள்ளி யாராவது வர்றாங்களா?" என்றான். அன்று அந்த வார்த்தைதான் அவன் வாயில் வர வேண்டுமா என்று இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மூலையிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்தபடியே சொன்னான்: "அப்பா, விரிசல்னு வாயைத் திறக்க வேணாம். துளை அளவு கொஞ்சம் பிசகிடுச்சு, எல்லாத்தையும் திருப்பிக் கொடுங்க, புதுசா போட்டுத் தர்றோம்னு சொல்லுவோம். சைக்கிள் சட்டம் போடுறவருக்கு விஷயம் தெரிஞ்சா அடுத்த வாரமே வேற பட்டறையைப் பார்த்துப் போயிடுவாரு. நமக்கு இருக்கிறது அவர் ஒருத்தர்தான்."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "முதல்ல போங்க," என்றார்.

தம்பியின் மூன்று சக்கர வண்டியில் பின்னால் நானும் அவளும் உட்கார்ந்தோம். நடுவில் கொக்கியும் சுத்தியலும். ஒவ்வொரு பள்ளத்திலும் அவை குதித்தன.

"நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள். "புள்ளி நல்லதுக்கா கெட்டதுக்கான்னு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுக்கா. இது கூடத் தெரியாதான்னு நினைப்பீங்களோன்னு விட்டுட்டேன்."

"கேட்டிருந்தா மட்டும்?" என்றேன். "காய்ச்சல்ல 'ம்'னு ஒரு சத்தம் போட்டிருப்பேன். அதை நீ எப்படி வேணாலும் எடுத்துக்கிட்டிருப்பே."

அவள் என்னைப் பார்த்தாள். அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை.

சட்டம் போடுகிறவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பற்றவைக்கும் கறுப்புக் கண்ணாடி எப்போதும் அவர் நெற்றியில் ஏறியிருக்கும், சாப்பிடும்போதும் கழற்றமாட்டார். அவருடைய கொட்டகைக்குள் நுழைந்ததுமே என் கண் மேலே போனது. கம்பிகளில் வரிசையாக ஃபோர்க்குகள் தொங்கின. பாதி பச்சை வண்ணம் அடித்தவை. கசாப்புக் கடையில் தொங்குவது போல இருந்தது.

"வாங்க வாங்க. குடும்பமே கிளம்பி வந்திருக்கு! என்ன விசேஷம்?" என்றார்.

தம்பி தொடங்கினான். "ஒன்னுமில்லண்ணே. போன தடவை அனுப்பினதுல துளை அளவு கொஞ்சம் பிசகின மாதிரி ஒரு சந்தேகம்..."

"அளவா? நானே வச்சுப் பார்த்தேனே. உங்கக்கா போடுற துளையில ஒரு தலைமயிர் கூட ஏறுக்குமாறா போகாதே." அவர் பார்வை தம்பியைத் தாண்டி அவன் மனைவியின் கைக்குப் போனது. "அளவு பார்க்கச் சுத்தியல் எதுக்கும்மா?"

தம்பி வாயைத் திறந்தான். வாழ்நாளில் முதல்முறையாக அவனுக்கு வார்த்தை தீர்ந்துபோனதைப் பார்த்தேன். அந்த இடைவெளியில் யாராவது பேசியாக வேண்டும். நான் சும்மா நின்றால் இன்னொரு பொய் வந்து அதை நிரப்பிவிடும்.

"விரிசல்ண்ணே," என்றேன். "ஏழுல. நல்லதோட கலந்து வந்துடுச்சு. நாங்கதான் அனுப்பினோம்."

அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, வேறு யாருடைய நெற்றியையோ ஒட்டவைத்தது போல இருந்தது.

"எது எதுன்னு தெரியுமா?"

"பத்தவைக்காததைத் தட்டினா தெரியும்."

"பத்தவச்சது?"

நான் மேலே தொங்கிய ஃபோர்க்குகளைப் பார்த்தேன். குழாயோடு சேர்த்துப் பித்தளையை உருக்கி ஒட்டிவிட்டால் கிரவுனின் சத்தம் தனியாக வராது. மொத்தமும் சேர்ந்து வேறொரு சத்தம் போடும். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பெட்டியில் மிச்சம் இருபது இருந்தது. தட்டினோம். அவள் தட்ட, நான் கேட்டேன்; பிறகு நான் தட்ட, அவள் கேட்டாள். இரண்டு பொத்தென்றன. மீதி பதினெட்டும் கணீரென்றன. அந்த இரண்டையும் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தவள் திடீரென்று கட்டைவிரலால் புள்ளியைத் தடவினாள். பக்கத்தில் கிடந்த ஒரு நல்லதை எடுத்து அதையும் தடவினாள்.

"அக்கா, உங்க கையைக் கொடுங்க."

என் விரலைப் பிடித்து முதலில் ஒன்றின்மேல் வைத்தாள், பிறகு மற்றதன்மேல். என் புள்ளி ஒரு ஊசிக்குத்து அளவுதான். நல்ல துண்டு, அதற்கு வலிக்கக்கூடாது என்பது போல வைப்பேன். அவளுடைய புள்ளியில் விரல் நகம் இறங்கியது.

"எங்க வீட்ல ஆழமா அடிப்போம். கழிச்சதை யாரும் மறந்துபோய்த் திருப்பி எடுத்துடக் கூடாதுல்ல, அதுக்காக," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் மட்டும் மூக்கால் ஒரு சத்தம் போட்டார்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. பற்றவைத்து வண்ணம் அடிக்காமல் கிடந்த பதினைந்தில் ஆழமான புள்ளி ஒன்று. தொங்கிய பச்சை ஃபோர்க்குகள் இருபத்துநான்கு. அவற்றில் என் புள்ளிகள் வண்ணத்துக்கு அடியில் காணாமல் போயிருந்தன. அவளுடைய புள்ளிகள் மட்டும் சின்னக் குழிகளாகத் தெரிந்தன. ஒன்று. இரண்டு. கடைசி வரிசையில் மூன்று.

"ஆறு," என்றான் தம்பி.

மறுபடி பார்த்தோம். எங்கோ ஒன்றைத் தவறவிட்டிருப்போம், தவறவிட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தடவினேன். விரல் நுனி பச்சையானது. என் வேலையில் பிழை இருக்க வேண்டும் என்று நான் ஏங்கியது அதுதான் முதல் தடவை. ஆறுதான் இருந்தது. எண்ணிப் பார்த்தால் மொத்தமும் ஐம்பத்தொன்பது.

"ஒன்னு எங்கண்ணே?"

கண்ணாடிக்காரர் அதற்குள் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மத்ததெல்லாம் வாரக் கடைசியிலதான் போகுது. ஒன்னே ஒன்னு மட்டும் பூட்டிக் கொடுத்தேன். பேக்கரிக்காரர். பழைய வண்டி போயிடுச்சு, நாளைக்கே வீடு வீடா ரொட்டி போடணும்னு நின்னாரு. நேத்து சாயங்காலம் ஓட்டிட்டுப் போனாரு."

"முன்னால கூடை உண்டா?"

"கூடையில்லாம ரொட்டிக்காரனா?"

அவர் பேக்கரிக்குப் போன் போட்டார். பேக்கரிக்காரரின் மனைவி எடுத்தாள். கணவர் போனைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேட்டுத் தெருக்களில் ரொட்டி போட்டுவிட்டு எந்நேரமும் திரும்பிவிடுவார், என்ன சொல்லணும் என்று கேட்டாள். கண்ணாடிக்காரர், "வந்ததும் வண்டியைத் தொட வேணாம்னு சொல்லும்மா," என்றார். அது அவர் பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் உதவும் செய்தி.

மேட்டிலிருந்து கீழே இறங்க இரண்டு வழிகள். பெரிய சாலைக்குத் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சரிவில் என்னையும் அவளையும் இறக்கிவிட்டான். சரிவு நீளமானது. ஒரு பக்கம் பள்ளியின் உயரமான சுவர், மறுபக்கம் மூடிய கதவுகள் உள்ள வீடுகள். அடிவாரத்தில் சாலை சமமாகி, ஐம்பது அடி போனதும் வளைந்தது. சமதரை தொடங்கும் இடம்வரை ஓடிப் போய் நின்றோம்.

ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. வெயில் சுவரின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பால்கனியில் துணி உதறினாள். எங்களைப் பார்த்தாள், உள்ளே போனாள். வேறு எதுவும் நடக்கவில்லை. காத்திருப்பது எனக்குப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று தெரிந்தது, நான் இதுவரை காத்திருந்ததெல்லாம் சும்மா இருந்ததுதான்.

"பெரிய சாலையில வந்திருப்பாரோ?" என்றாள்.

"தெரியல."

"அக்கா, ஒருவேளை ஏற்கெனவே..."

"சொல்லாதே."

அப்போது மேலே சரிவின் உச்சியில் பச்சை நிறம் தெரிந்தது.

அவர் பெரிய உடம்புக்காரர். நிமிர்ந்து உட்கார்ந்து, புது வண்டிக்காரர்களுக்கே உரிய பெருமிதத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார். முன்னால் கூடை. பிரேக்கைப் பாதி பிடித்தபடி வந்தார். ரப்பர் உரசும் சத்தம் மெல்லியதாக, விடாமல் கேட்டது.

அவள் இரண்டு கையையும் தூக்கினாள். கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

"கத்தாதே! பதறிப்போய் பிரேக்கை இறுக்கிடுவாரு."

என் உள்ளங்கைக்குள் அவள் மூச்சு சூடாக அடித்தது. புரிந்துகொண்டாள். முன் பிரேக் தொங்குவது அந்தக் கிரவுனில்தான். நான் போட்ட துளையில்தான். இரண்டு பெண்கள் கையை ஆட்டிக்கொண்டு அலறினால் யாராயிருந்தாலும் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். சரிவில், அந்த உடம்போடு, கூடையோடு.

சும்மா விட்டால் எங்களைத் தாண்டி வளைவில் திரும்பிவிடுவார். வளைவிலும் இறுக்கிப் பிடிப்பார்.

பாதிச் சரிவு. ரப்பர் உரசிக்கொண்டே வந்தது. என் காது அந்தச் சத்தத்துக்குக் கீழே வேறொரு சத்தத்தைத் தேடியது. இரும்பு முறியும் முன் ஒரு முனகல் முனகும், லேத்தில் கேட்டிருக்கிறேன். கேட்கவில்லை. கேட்காததும் ஆறுதலாக இல்லை.

இந்த மனிதர் காலையிலிருந்து எத்தனை வீட்டு வாசலில் நின்றிருப்பார்? ஒரு இடத்திலாவது பிரேக்கை இறுக்கியிருப்பாரா? யாராவது கூப்பிட்டால் எப்படி நிற்பார்? தானாக வேகத்தைக் குறைத்து, காலைத் தரையில் தேய்த்து...

அவள் வாயிலிருந்து கையை எடுத்தேன். கையைக் கீழேயே வைத்துக்கொண்டேன். அவர் சமதரைக்கு வந்ததும், தெருவில் நிற்கும் எந்த வீட்டுக்காரியும் கேட்பது போல, உரக்க ஆனால் சாவகாசமாகக் கேட்டேன்:

"அண்ணே, ரொட்டி இருக்கா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். மிதிப்பதை விட்டார். வண்டி தானாகத் தளர்ந்தது. ஒரு காலை இறக்கி, செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டே ரெண்டுதான் மிச்சம்மா. ரொட்டிக்கு இப்படியா தெருவுல வந்து நிப்பாங்க? கூப்பிட்டிருந்தா வீட்டுக்கே வந்திருப்பேனே."

"இறங்குங்கண்ணே," என்றேன்.

"ஏன்?"

"முதல்ல இறங்குங்க."

என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும், இறங்கினார். அவள் அதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கூடைக்கு அடியில் விரலை விட்டாள். நான் குனியவில்லை. அவள் நிமிரும்வரை பள்ளிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்குக்கா," என்றாள். "புள்ளிக்குப் பக்கத்துல பெயின்ட் முடி மாதிரி மெல்லிசா விரிஞ்சிருக்கு."

பேக்கரிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும்மா நீங்க? என்ன இருக்கு?"

அவள் நிமிர்ந்து, "நான்தான்..." என்று தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிறகு சொன்னேன். தொடக்கத்திலிருந்து சொன்னேன். கிரவுன் என்றால் என்ன, எப்படித் தட்டிப் பார்ப்போம், எனக்குக் காய்ச்சல் வந்தது, நான் சொன்ன நான்கு வார்த்தை, அதில் சொல்லாமல் விட்டது. ஒரு அந்நியரிடம், தெருவில் நின்றுகொண்டு, இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று பயந்து பேசிக்கொண்டே போனேன்.

நான் முடித்தபிறகு அவர் சரிவை ஒருமுறை மேலே வரை பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் என் பொண்ணை முன்னால உட்கார வச்சு இதே மேட்டுல இறங்கினேன்," என்றார். "வேகமா போங்கப்பான்னா. போனேன்."

நாங்கள் மூவரும் நின்றோம். பால்கனிக்காரி மறுபடி வெளியே வந்து, காய்ந்ததும் காயாததுமாக ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனாள். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கைகள் என்ன செய்வது என்று தெரியாமல் கூடையின் விளிம்பைத் தடவின. பிறகு, எத்தனையோ வருடப் பழக்கத்தில், அவை தாமாகவே கூடைக்குள் போய் ஒரு ரொட்டியை எடுத்தன.

"கேட்டீங்களே," என்று என்னிடம் நீட்டினார்.

வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.